பாட்டை வீட்டிலேயே முடியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் இப்போது சினிமா வாய்ப்புக்குக் காத்திருக்காமல் தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து ஆல்பம் போடுகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பாட்டு முடிவதற்கு முன்பே ஸ்டூடியோவை வாடகைக்கு எடுக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டு எழுதும் இடம் வீடு. ஸ்டூடியோ அதைப் பதிவு செய்யும் இடம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், என்னிடம் படித்த ஒருவர் மூன்று நண்பர்களோடு ஆல்பம் போடப் போகிறார். "பத்துப் பாட்டு சார். ஆறு ரெடி. மீதியை உள்ள போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். நாலு பேரின் இரண்டு வருடச் சேமிப்பு அது. ஸ்டூடியோ வாடகையோ மணிக்கணக்கு. தேதியைத் தள்ளிப் போடு தம்பி என்றேன். "பீட்டில்ஸ் முதல் ஆல்பத்தை ஒரே நாள்ல முடிச்சாங்களே சார்" என்று மடக்கினார்.

உண்மைதான். 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் காலையில் தொடங்கி இரவு 11 மணிக்குள் 10 பாடல்களை முடித்தார்கள். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பத்தின் 14 பாடல்களில் மற்ற நான்கும் முன்பே இசைத்தட்டாக வந்தவை. ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம். கடைசியாக எடுத்த 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை அந்தத் தொண்டையோடு முதல் தடவை பாடியதுதான் ஆல்பத்தில் இருக்கிறது.

அந்த ஒரு நாளுக்கு முன்னால் என்ன இருந்தது? 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர கிளப்புகளில் இரவு இரவாகப் பாடியிருந்தார்கள். சொந்த ஊரான லிவர்பூலில் கேவர்ன் கிளப்பில் நூற்றுக்கணக்கான தடவை பாடியிருந்தார்கள். ஒத்திகையை ஊரார் முன்னாலேயே முடித்துவிட்டுத்தான் ஸ்டூடியோ வாசலை மிதித்தார்கள்.

இன்னொரு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1968 தொடக்கத்தில் அவர்கள் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கினார்கள். மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸ் செட்டும் இல்லை, சாதாரணக் கிட்டார்தான். அங்கே பாட்டு பாட்டாக எழுதிக் குவித்தார்கள். ஊர் திரும்பியதும் மே மாதம் ஜார்ஜ் ஹாரிசன் வீட்டில் கூடி, டேப் ரிக்கார்டரில் 27 பாடல்களைப் பாடிப் பதிந்துகொண்டார்கள். அதன் பிறகுதான் ஸ்டூடியோ. 30 பாடல்கள் கொண்ட 'ஒயிட் ஆல்பம்' நவம்பரில் வந்தது. அதற்கிடையில் மனஸ்தாபமும் வந்தது, ரிங்கோ ஸ்டார் சில நாள் விலகியே போனார். ஆனால் பாட்டுக்குப் பஞ்சம் வரவில்லை. ஒதுக்கி வைத்தவையும் வீணாகவில்லை. அன்று தள்ளிவைத்த ஒரு மெட்டுதான் 1971இல் வேறு வரிகளோடு லெனனின் 'ஜெலஸ் கை' ஆனது.

'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' ஸ்டூடியோவில் செதுக்கியதுதானே என்று சிலர் கேட்கலாம். லெனன் அதை 1966இல் ஸ்பெயினில் படப்பிடிப்புக்குப் போயிருந்தபோது எழுதி, பலமுறை பாடிப் பார்த்திருந்தார். ஸ்டூடியோவில் தேடியது அதற்கான வாத்தியங்களையும் ஒலியையும்தான். அப்படித் தேடுகிற வசதி, உலகப் புகழ் வந்த பிறகு கிடைத்தது.

அவர்களே கையில் போதிய பாட்டில்லாமல் போன கதையும் உண்டு. 1969 ஜனவரி 2 அன்று கேமராக்கள் சுற்றி நிற்க, சில வாரங்களில் புதுப் பாடல்களைத் தயார் செய்து ரசிகர் முன் பாடுவதாகத் திட்டம். 10ஆம் தேதி ஜார்ஜ் எழுந்து போய்விட்டார். பிறகு திரும்பி வந்தார். 'கெட் பேக்' போன்ற நல்ல பாட்டு அங்கே பிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் 'லெட் இட் பி' ஆல்பம் வெளிவர 1970 மே ஆகிவிட்டது. அதற்குள் குழுவே கலைந்திருந்தது. கலைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அவ்வளவு திறமைசாலிகளுக்கே அந்த நெருக்கடி என்றால், சேமிப்பைப் போட்டு வரும் நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டாமா?

சரி, வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஒரு கிட்டார், ஒரு குரல், கையில் இருக்கும் போன். இதில் பதிந்து கேளுங்கள். இப்படி நிற்காத பாட்டை எத்தனை வாத்தியம் சேர்த்தாலும் நிறுத்த முடியாது.

இரண்டாவது, 10 பாட்டு வேண்டுமானால் 15 எழுதுங்கள். கழிப்பதற்கு ஐந்து இருந்தால்தான் மிச்சம் பத்தும் தேறும்.

மூன்றாவது, தத்தகாரத்தோடு ஸ்டூடியோவுக்குப் போகாதீர்கள். 'யெஸ்டர்டே' பாட்டுக்கு பால் மெக்கார்ட்னி முதலில் போட்டு வைத்திருந்தது முட்டைப் பொரியல் பற்றிய சும்மா வரிகள். சரியான சொற்கள் கிடைத்த பிறகே 1965 ஜூனில் பதிவு செய்தார்கள். தமிழில் இன்னும் கவனம் தேவை. 'கல்' என்று எழுதிய இடத்தில் மெட்டு நீண்டால், கேட்பவர் காதில் 'கால்' என்று விழும். குறிலும் நெடிலும் வாய்விட்டுப் பாடினால்தான் பிடிபடும், பேப்பரில் தெரியாது.

நான்காவது, சுருதியையும் வேகத்தையும் முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். மீட்டர் ஓடும்போது "அரைக் கட்டை இறக்கலாமா" என்று நாலு பேர் வாதாடக் கூடாது.

ஐந்தாவது, உங்களைப் பாராட்டும் கடமை இல்லாதவர்கள் முன்னால் பாடுங்கள். அம்மாவும் நண்பர்களும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கூட்டம் செல்போனை எடுக்கிறது என்று பாருங்கள். அங்கே பாட்டு தொய்கிறது.

கடைசியாக உறவுகளுக்கும் மற்ற மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வரவேற்பு, வளைகாப்பு, ஆண்டு விழா எதுவானாலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். நம்மிடம் ஹாம்பர்க் இல்லை. கல்யாண மண்டபம் நிறைய இருக்கிறது. இடம் தரக்கூடியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், நான் பேசி ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் வாத்தியார்