வீட்டுக்கு விலை போடுமுன்

பிரிய நினைக்கும் கணவனும் மனைவியும் என்னிடம் வந்தால், முதலில் அவர்களைச் சேர்த்துவைக்கவே முயல்வேன். அது கைகூடாதபோது பேச்சு வளவில் வந்து நிற்கும். "வீடு என்ன பெறுமதி சுவாமி? என்ட பாதி எவ்வளவு?" தன்னாமுனையிலும் அயற்கிராமங்களிலும் அடிக்கடி கேட்ட கேள்வி இது. வீடு யாருடையது என்று தெரியுமுன்னே விலை பேசுவதுதான் எமது முதற் பிழை.

பாதி என்ற எண்ணம் யாழ்ப்பாணத்து உறவினரிடம் கேட்ட தேடியதேட்டப் பேச்சிலிருந்து வந்திருக்கலாம். தேசவழமை மட்டக்களப்பாருக்குப் பொருந்தாது. எமது பழைய முக்குவர் சட்டமும் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோடு வலுவிழந்தது. இன்று பொதுச் சட்டப்படி மனைவியின் சொத்து மனைவிக்கு, கணவனின் சொத்து கணவனுக்கு. விவாகரத்து வழக்கில் மாவட்ட நீதிமன்றம் சொத்து ஏற்பாடொன்றைக் கட்டளையிடலாம். ஆனால் தானாக வந்து சேரும் பாதி என்று ஒன்றில்லை.

சட்டம் மாறினாலும் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் எம்மிடம் மாறவில்லை. சிக்கலைக் கொண்டுவந்தது இடப்பெயர்வு. 2004 சுனாமிக்குப் பின்னர் கட்டப்பட்ட வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்று கணவன் பெயரில் பதியப்பட்டன. தாய்வழி வந்த காணி மனைவிக்கு, அதில் நிற்கும் வீடு பட்டியலில் கணவனுக்கு! பயனாளிப் பட்டியலில் உள்ள பெயர் காணி உறுதியாகாது என்பதை இரு பகுதியாரும் அறியவேண்டும்.

ஆகவே காணி, கட்டடம், கிணறு, தென்னை என்று தனித்தனியே விலை போடுவியுங்கள். உதவித்தொகையை வீட்டின் விலையாகக் கொள்ளவேண்டாம். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் பெற்றுக் கட்டிய வீட்டை, 2022 நெருக்கடிக்குப் பிந்திய சீமெந்து விலையில் அந்தப் பணத்துக்குக் கட்டமுடியுமா? கணவன் மண் சுமந்ததும் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணமும் கணக்கில் வரட்டும். அவன் வெறுங்கையோடு போவதும் நீதியல்ல. ஆளுக்கொரு மதிப்பீட்டாளரைப் பிடித்துப் பணத்தைக் கரைக்காமல், இருவரும் ஒப்பும் ஒருவரை அழைத்து, உறுதியையும் நில அளவைப் படத்தையும் காட்டி, இருவரும் கூடநிற்கவேண்டும்.

பெர்மிட் காணி வேறு கதை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வந்த காணியை அனுமதியின்றி விற்கவோ துண்டாடவோ இயலாது; உறுதிக் காணியின் விலையை அதற்குப் போடுவது வெறுங்கணக்கு. பெர்மிட் கணவன் பெயரிலிருந்தால், வாழ்க்கைத்துணை என்ற வழியில் மனைவிக்கு வரக்கூடிய பின்னுரிமை விவாகரத்தோடு போய்விடும். ஒப்பமிடுமுன் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

குருவானவர் இதையெல்லாம் பேசலாமா என்று சிலர் முகஞ்சுளிப்பர். திருமணப் பிணைப்பு அழியாதது என்பதே திருச்சபையின் போதனை. ஆயினும் சட்ட உரிமையையும் பிள்ளைகளின் பராமரிப்பையும் காக்க வேறு வழியில்லாதபோது, அரச சட்டப்படியான விவாகரத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2383ஆம் பத்தி கூறுகிறது.

இத்தனை முறை இடம்பெயர்ந்த பிள்ளைகளை, வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிப்பதற்காக இன்னொருமுறை இடம்பெயர்க்கவேண்டுமா? பிள்ளைகளை வைத்திருப்பவர் வீட்டில் இருக்கட்டும். மற்றவருக்குரியதைப் பெரும்போக வெட்டுக்குப் பின் ஒரு தவணை, சிறுபோகத்துக்குப் பின் ஒரு தவணையாகக் கொடுக்கலாம். அதை வாய்ப்பேச்சில் விடாமல் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள்.