கட்டணமில்லாத் தொலைக்காட்சியும் கடற்காற்றும்



மாதந்தோறும் கேபிளுக்கோ டி.டி.எச்.சுக்கோ பணம் கட்டி அலுத்துப்போன இல்லங்கள், கடப்பாக்கம் தொடங்கி நம் கடற்கரை ஊர்கள் எங்கும் பெருகி வருகின்றன. கடல் சீறும் நாள்களில் வலை கரையிலேயே கிடந்தாலும் அந்தக் கட்டணம் மட்டும் நிற்பதில்லை. ஆதலின், "இலவசமாகவே வருகிறதாமே, எந்த டிஷ் வாங்கலாம்?" என்று நம்மிடம் வினவுவோர் பலர். அவர்களுக்காகவே இம்மாதப் பக்கம்.

பிரசார் பாரதி நிறுவனம் 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கிய சேவைதான் இன்று 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என வழங்குகிறது. கருவிகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ 2,000 ரூபாய் செலவிட்டால் போதும். பின்னர் மாதக் கட்டணம் இல்லை. மாதம் 200 ரூபாய் கட்டிவந்த இல்லம் ஓராண்டுக்குள் போட்ட பணத்தை மீட்டுவிடும்.

எனினும், கணக்குப் போடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுதல் நலம்: நம் வீட்டார் விரும்பிப் பார்ப்பது அதில் வருகிறதா? இச்சேவையில் மிகுதியாக உள்ளவை இந்தி அலைவரிசைகளே. 2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்த டி.டி. தமிழ் வரும், அகில இந்திய வானொலியின் பல நிலையங்களும் வரும், 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம் பிரபா' கல்வி அலைவரிசைகளும் அதே ஜிசாட்-15 செயற்கைக்கோளின் வழியாகவே வருகின்றன. கட்டண அலைவரிசைகளின் நெடுந்தொடர்களை நாடுவோர்க்கு இது ஏற்றதன்று. "எல்லாத் தமிழ் அலைவரிசையும் வரும்" என்று கூறி விற்பவரை நம்பிப் பணம் தரலாகாது. படுக்கையில் இருக்கும் முதியவர்க்குத் திருப்பலி ஒளிபரப்பே முதற்தேவை எனில், அந்த அலைவரிசை இன்றைய பட்டியலில் உள்ளதா என்று, ஏற்கெனவே இக்கருவி வைத்திருக்கும் வீடொன்றில் கண்ணால் பார்த்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். (நோயுற்றுக் கிடந்த புனித கிளாராவுக்குத் தொலைவில் நடந்த திருப்பலி தம் அறைச் சுவரிலேயே தெரிந்ததாம். அதனாலன்றோ பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக்கினார்! அவருக்கு டிஷ் தேவைப்படவில்லை.)

இனிக் கருவிகளைப் பார்ப்போம். செட்டாப் பாக்ஸ் வாங்குகையில், அது எம்பெக்-4 முறையில் வரும் ஒளிபரப்பை ஏற்குமா என்று கேளுங்கள். எம்பெக்-2 மட்டுமே அறிந்த பழைய பெட்டிகள் இன்னும் சில கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன; அவை அலைவரிசைகளில் ஒரு பகுதியைக் காட்டவே மாட்டா. எம்பெக்-4 பெட்டியோ இரண்டையும் காட்டும். அண்மையில் வந்த தொலைக்காட்சிகள் சிலவற்றில் சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே அமைந்திருக்கும். அவற்றுக்குத் தனிப் பெட்டி தேவையில்லை. வாங்கிய கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

டிஷ் 60 சென்டிமீட்டர் அகலம் உடையதாயின் போதும். 90 சென்டிமீட்டர் டிஷ் மழையில் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் காற்றையும் இருமடங்குக்கு மேல் வாங்கும். நம் கரைக்குச் சிறியதை உறுதியாகப் பொருத்துவதே மேல் என்பது நம் கருத்து. முன்பு டி.டி.எச். வைத்திருந்து இப்போது மாடி மூலையில் சும்மா கிடக்கும் டிஷ் துருப்பிடிக்காமல் இருந்தால், அதையே திசை திருப்பிப் பயன்படுத்தலாம். சிலர் சொல்லும் 6 அடி, 8 அடி சி-பேண்ட் டிஷ்கள் மழைக்கு அஞ்சாதவைதாம். ஆனால் செலவும் இடமும் பெரிது. சிறு வீடுகளுக்கு அவை வேண்டா.

நம் ஊர்களில் பெரும்பாலோர் தவறுவது டிஷ் வைக்கும் இடத்தில்தான். 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின், அதன் ஒளிபரப்பைத் தெற்கே தொலைவிலிருந்து பிடிப்பதற்கு ஆன்டெனாவை உயர்ந்த கம்பத்தில் ஏற்றவேண்டியிருந்தது. உயரம் கூடினால் படம் தெளியும் என்ற அந்த நினைவு இன்னும் மாறவில்லை. டிஷ்ஷுக்கு அது பொருந்தாது. ஜிசாட்-15 நிலநடுக்கோட்டின் மேல், கிழக்கு 93.5 பாகையில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கடப்பாக்கத்திலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கில், சற்றே கிழக்குச் சாய்வாக, தலைக்கு மேல் ஏறக்குறைய 69 பாகை உயரத்தில் இருக்கும். 36,000 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் 20 அடிக் கம்பம் என்ன தந்துவிடும்? காற்றில் ஆடும் ஆட்டத்தைத்தான் தரும்.

ஆகவே டிஷ்ஷைத் தாழ்வாகவே வையுங்கள். 3 அடிக் கைப்பிடிச்சுவருக்கு உட்புறம், இரண்டடி தள்ளி மாடித் தரையில் வைத்தாலும் சுவர் மறைக்காது. சுவரே காற்றுக்குக் காப்பாகும். ஓலைக் கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் பொருத்த வேண்டா. முற்றத்தில் சிமெண்ட் கட்டை வார்த்து அதில் குழாயை நிறுத்துங்கள். 50 அடித் தென்னைகூட 25 அடி தள்ளி நின்றால் இடையூறில்லை. டிஷ்ஷின் முகம் பாதியளவே மேல்நோக்கியதுபோல் தோன்றும். அதன் அமைப்பே அப்படி. கண்ணளவை நம்பி மேலே தூக்காமல், தொலைக்காட்சித் திரையில் காணும் சிக்னல் அளவைப் பார்த்து ஒருவர் சொல்ல, மற்றவர் மயிரிழையளவு திருப்பவேண்டும்.

அடுத்தது உப்பு. ஆலம்பரைக் கோட்டையின் செங்கற்களையே அரித்த காற்று, கடைக்காரர் தரும் ஐந்து ரூபாய் ஆணியை விட்டுவைக்குமா? டிஷ்ஷின் விலையில் பேரம் பேசுங்கள். போல்ட்டு நட்டுகளில் பேசாதீர்கள். துருப்பிடிக்காத எவர்சில்வர் போல்ட்டுகளை வாங்கிக் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். எல்.என்.பி.யில் கேபிள் சேரும் இடத்தில் நீர் புகாத டேப் சுற்றுங்கள், ஆர்.ஜி.-6 கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். "பெட்டி கெட்டுவிட்டது" என்று புதுப்பெட்டி வாங்குமுன், இந்த முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கனமழையில் இந்த அலைகள் மங்கும். எந்த டிஷ்ஷும் அதை முற்றிலும் தடுக்காது. புயல் செய்தி மிகவும் வேண்டிய இரவில்தான் படம் நின்றுபோகும். 2011 டிசம்பரில் தானே, 2022 டிசம்பரில் மாண்டஸ், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என நம் கரை புயல்களுக்குப் பழகியதே. ஆகவே ஃப்ரீ டிஷ் வாங்கும் வீட்டில் பேட்டரியில் இயங்கும் சிறு வானொலி ஒன்றும் இருக்கட்டும். ஐப்பசி பிறக்குமுன் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். டிஷ் சரியான திசையில் நிற்கும்போதே, குழாயிலும் பிடியிலும் பெயிண்டால் ஒரு கோடிட்டு வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் மின்செருகியையும் கேபிளையும் பிடுங்கி, டிஷ்ஷைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வானம் வெளுத்தபின் கோட்டோடு கோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளலாம்.