திரும்பி வருவதும் தவக்குலே

"பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டாயிற்று, இனி அல்லாஹ் பார்த்துக்கொள்வான்." பயணங்களில் நம்மவர்கள் அடிக்கடி சொல்வது இது. ஈமானின் சொல்லாகத் தோன்றினாலும், பல வேளைகளில் இது நம் பிடிவாதத்தின் மேல் நாம் போர்த்தும் போர்வைதான். ஆல்ப்ஸ் மலையில் கழிந்த ஒரு பகல் எனக்கு இதை உணர்த்தியது.

சுவிட்சர்லாந்தில் ஷீனிகே பிளாட்டே என்னும் இடத்திலிருந்து ஃபவுல்ஹார்ன் சிகரம் வழியாக ஃபிர்ஸ்ட் வரை மலைமுகட்டில் ஒரு நடைபாதை செல்கிறது. 1893இல் தொடங்கப்பட்ட பற்சக்கர ரயில் நம்மை ஏறத்தாழ 1,970 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர். ஆறு மணி நேர நடை. ஒருபுறம் ஐகர், யுங்ஃபிராவ் பனிச்சிகரங்கள். மறுபுறம் ஆழத்தில் பிரியன்ஸ் ஏரி. நாவு தானாகவே சுப்ஹானல்லாஹ் என்கிறது.

அந்நாட்டு வழிகாட்டிப் பலகைகள் நடைக்கு ஆகும் நேரத்தைச் சொல்கின்றன. ஓய்வு நேரம் அதில் சேராது. கோடையின் பிற்பகல்களில் இடிமழை அடிக்கடி வரும். முகட்டில் நிற்பவருக்கு மின்னலிலிருந்து மறைவிடம் கிடையாது. ஃபிர்ஸ்டிலிருந்து இறங்கும் கடைசிக் கம்பிவட ஊர்தி எவருக்காகவும் காத்திராது.

நானும் என் மகனும் மென்ட்லெனன் மலைக்குடிலை அடைந்தபோது மேற்கே வானம் கறுத்தது. 2,681 மீட்டர் உயரச் சிகரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஏற்றமே எஞ்சியிருந்தது. குடிலிலேயே தங்கினோம், சிறிது நேரத்தில் இடி முழங்கியது. மழை ஓய்ந்த பின்னும் சிகரத்தை மேகம் மூடியிருந்தது. லுஹரையும் அஸரையும் ஜம்உ, கஸ்ராகத் தொழுதுவிட்டு, வந்த வழியே திரும்ப முடிவெடுத்தேன்.

"அல்லாஹ்வை நம்புகிறவர்கள் இடிக்கு அஞ்சலாமா, வாப்பா?" என்று மகன் கேட்டான். அவன் கண்களில் ஏமாற்றம் தெரிந்தது.

ஹிஜ்ரத்தை அவனுக்கு நினைவூட்டினேன். அல்லாஹ்வின் மீது நம் நபி (ஸல்) அவர்களைவிட நம்பிக்கை கொண்டவர் யார்? ஆயினும் அவர்கள், மதீனா வடக்கே இருக்க, முதலில் தெற்கே சென்று தவ்ர் மலைக்குகையில் மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். பாதை அறிந்த வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் முஸ்லிம்கூட அல்லர். இயன்ற ஏற்பாடு அனைத்தையும் செய்த பிறகே, குகை வாயிலில் எதிரிகள் நின்றபோது, முழு நம்பிக்கையையும் அல்லாஹ்விடம் வைத்தார்கள். அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிடுகிறோம்.

பூமியில் செருக்குடன் நடக்க வேண்டாம், மலைகளின் உயரத்தை நாம் ஒருபோதும் எட்ட மாட்டோம் என்று அல்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. சிகரத்தைத் தொட்டே தீருவேன் என்பதிலும் ஒரு செருக்கு ஒளிந்திருக்கிறது. உயிர் அவன் தந்த அமானிதம். நம்முடன் வரும் பிள்ளையின் உயிரோ இரட்டை அமானிதம். பெருக்கெடுத்த அருவியிலும் கொந்தளிக்கும் கடலிலும் குடும்பத்தோடு இறங்க முற்படும் தந்தையர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலை அங்கேயேதான் இருக்கும். அல்லாஹ் நாடினால் மீண்டும் செல்வோம். வானத்தைப் பார்த்துத் திரும்பத் தெரிந்த பிள்ளைகளாக நம் பிள்ளைகளை அவன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.