இத்தாலியில் இல்லாத 'இத்தாலியன் ஹெர்ப் பிரெட்'

ஈஸ்டர் நெருங்கினால் போதும், ஆங்கிலச் சமையல் பக்கங்களில் ஒரே செய்முறை பல பெயர்களில் கிளம்பிவிடுகிறது. 'வசந்த கால விருந்துக்கு வீட்டிலேயே இத்தாலியன் ஹெர்ப் பிரெட்!' மைதா, கை நிறைய ஈஸ்ட், மூன்று ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் 'இத்தாலியன் சீசனிங்'. ஒன்றரை மணி நேரத்தில் ரெடி. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வசந்தமும் இல்லை, இத்தாலியும் இல்லை. உண்மையைச் சொன்னால் ரொட்டியும் பாதிதான்.

முதலில் அந்த டப்பாவை எடுத்துக்கொள்ளலாம். பேசில் (தமிழ்நாட்டில் திருநீற்றுப்பச்சிலை என்று சொல்லும் அதே செடி), ஆரிகனோ, தைம், ரோஸ்மேரி, மார்ஜோரம், சேஜ்... எல்லாவற்றையும் காயவைத்து நொறுக்கி ஒன்றாகக் கொட்டியது. இத்தாலி ஒரே நாடானது 1861-ல். அடுப்படியில் அது இன்னும் ஒரே நாடு ஆகவில்லை! ஆரிகனோ என்றால் சிசிலி, கலாப்ரியா போன்ற தெற்குப் பகுதிகள். பேசில் என்றால் லிகூரியா. ஜெனோவா பேசிலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் பெயர்ப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. ரோஸ்மேரியும் சேஜும் டஸ்கனி சமையலில் கை வைக்கும் இடமெல்லாம் வரும். இந்த எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் அடைத்து ஒரு நாட்டின் பெயரை ஒட்டுவது, ரசப்பொடியையும் கோழிக்குழம்பு மசாலாவையும் கலந்து 'கறி பவுடர்' என்று விற்ற அதே புத்திதான்.

சரி, வசந்தத்துக்கென்று இத்தாலியில் மூலிகை ரொட்டியே கிடையாதா? இருக்கிறது. ஃபிளாரன்ஸ் நகரத்தின் 'பான் தி ராமெரினோ'. ராமெரினோ என்றால் டஸ்கனி பேச்சுவழக்கில் ரோஸ்மேரி. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழக்கிழமையின் பண்டம் இது. ரோஸ்மேரி இலையை ஆலிவ் எண்ணெயில் இளஞ்சூட்டில் போட்டு மணத்தை இறக்கி, அந்த எண்ணெயை மாவில் சேர்க்கிறார்கள். கூடவே உலர்ந்த திராட்சை. சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சுடுகிறார்கள். இப்போது அங்குள்ள பேக்கரிகளில் மற்ற நாட்களிலும் கிடைக்கிறது. ஆனாலும் அது அந்த நாளின் ரொட்டி. கவனிக்க வேண்டியது, அதில் இருப்பது ஒரே ஒரு மூலிகை. ஆறு அல்ல.

லிகூரியாவிலும் இப்படித்தான். அங்கே ஃபொக்காச்சாவில் சேஜ் போட்டால் சேஜ் மட்டும்தான். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை இத்தாலியில் விடுமுறை. குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெட்டவெளிக்குப் போகிற நாள். ரோஸ்மேரியும் சேஜும் இளந்தளிர் விடுகிற பருவம் அது. அந்தப் பருவத்தைக் கொண்டாட, போன வருடம் காய்ந்த தூளைத் திறப்பதில் என்ன அர்த்தம்? ஆரிகனோ மட்டும் விதிவிலக்கு. அது காய்ந்தால்தான் மணம் கூடும், தெற்கில் கொத்துக் கொத்தாகக் கட்டிக் காயவைக்கிறார்கள். பேசில் அப்படியல்ல, காய்ந்தால் வைக்கோல். அதுவும் திறந்தவெளியில் கோடையில்தான் தழைக்கும். இந்த வித்தியாசம் எதுவும் டப்பாவுக்குத் தெரியாது.

இவ்வளவு தூளை ஏன் கொட்ட வேண்டியிருக்கிறது? ரொட்டிக்குச் சொந்தமாக ருசி இல்லாததால்தான். ரொட்டியின் ருசி நேரத்திலிருந்து வருகிறது. மாவிலுள்ள நொதிகள் ஸ்டார்ச்சை மெல்ல மெல்லச் சர்க்கரையாக உடைக்க வேண்டும், ஈஸ்ட் அதைத் தின்று புளிப்பையும் மணத்தையும் உண்டாக்க வேண்டும். அரைத்த கையோடு மாவை ஊற்றினால் இட்லி என்ன லட்சணத்தில் வரும்? 1961-ல் இங்கிலாந்தின் சார்லிவுட்டில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். அதிவேக இயந்திரத்தில் சில நிமிடம் மாவை அடித்துவிட்டால் நீண்ட நேரம் புளிக்கவைக்கும் வேலை மிச்சம். ஆலைக்கு அது லாபம். வீட்டில் செய்பவருக்கு என்ன லாபம்? 'வீட்டு ரொட்டி' என்று சொல்லிக்கொண்டு ஆலையின் அவசரத்தை அடுப்படிக்குக் கொண்டுவந்து, சர்க்கரையாலும் தூளாலும் குறையை மூடுவதுதான் நடக்கிறது.

சர்க்கரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. சப்வே கடைகளின் ரொட்டியில் மாவின் எடையில் 10 சதவீதம் சர்க்கரை இருந்தது. அயர்லாந்தின் வரிச் சட்டத்தில் ரொட்டிக்கு அனுமதி 2 சதவீதம். எனவே வரிக்கணக்கில் அது ரொட்டியே அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது!

'வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் எங்கே?' என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கைப் பார்க்கட்டும். 500 கிராம் மாவு, 350 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 2 கிராம் உலர் ஈஸ்ட். இரவில் ஐந்து நிமிடம் கலந்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். மறுநாள் எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, குளிர் விட்டு உப்பும் வரை விட்டு, விரலால் குழி குழியாக அழுத்தி, கொஞ்சம் உப்புத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி, ரோஸ்மேரி தூவி, 220 டிகிரியில் 20, 25 நிமிடம். கைவேலை மொத்தம் இருபது நிமிடம். மீதி வேலையை ஈஸ்ட் செய்கிறது, செய்பவர் தூங்குகிறார். ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நிற்க வைக்கும் 'சுலப' செய்முறையை விட இது சுலபம்.

இன்னொரு கட்சி உண்டு. 'சமையல் மாறிக்கொண்டே இருக்கும், சுத்த இத்தாலி என்று ஒன்று கிடையாது' என்பார்கள். மறுக்கவே வேண்டாம். தக்காளியே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போனது. உலகமே பழங்கால ரொட்டி என்று நினைக்கிற சாபாத்தா, 1982-ல் வெனெத்தோவின் ஆத்ரியா ஊரில் அர்னால்தோ கவல்லாரி என்பவர் உருவாக்கியது. புதிது என்பது குற்றமே இல்லை. ஆனால் அவர் நம்பியதும் மாவையும் தண்ணீரையும் நேரத்தையும்தான். தன் ரொட்டிக்குச் சொந்தமாக ஒரு பெயரும் வைத்தார். டப்பாக்காரர்களோ நேரத்தைத் திருடிவிட்டு, பெயரையும் இரவல் வாங்குகிறார்கள்.

பெயர் அற்ப விஷயமல்ல. 'புதிய ரொட்டி' என்ற சொல்லைக் காப்பாற்றவே இத்தாலி 2018-ல் விதி போட்டது. உறையவைத்ததையும் பதப்படுத்தும் பொருள் சேர்த்ததையும் அந்தப் பெயரில் விற்க முடியாது. சொல்லுக்குக் காசு மதிப்பு இருப்பதால்தான் அதைத் திருடுகிறார்கள்.

ஆறு தூளையும் போட்டு ரொட்டி சுட விரும்புகிறவர் தாராளமாகச் சுடட்டும், 'மசாலா பிரெட்' என்று பெயர் வைக்கட்டும். இத்தாலி பெயரைச் சொல்லிச் சுடுகிறவர் அந்த டப்பாவை மூடி வைத்துவிட்டு, முந்தின இரவே மாவைக் கலக்கட்டும்.