நவாபும் நேபாபும்



கையில் நாலு காசு சேர்ந்ததும் ஆட்டம் போடுகிறவரைப் பார்த்து, "பெரிய நவாப்புன்னு நினைப்பு" என்கிறோம். இங்கிலாந்துக்காரர்களும் இதே சொல்லை வைத்துத்தான் கேலி செய்தார்கள். அவர்கள் வாயில் அது 'நேபாப்'. கேலிக்கு ஆளானவர்களோ, இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் பார்த்துப் பணத்தோடு ஊர் திரும்பிய வெள்ளைக்காரர்கள்!

அரபியில் 'நாயிப்' என்றால் இன்னொருவருக்குப் பதிலாக இருப்பவர், பிரதிநிதி. அதன் பன்மை 'நுவ்வாப்'. ஒருவரையே மரியாதைக்காகப் பன்மையில் அழைப்பது நமக்குப் புதிதில்லையே. நவாப் பிறந்ததும் அப்படித்தான். ஆற்காட்டு நவாபும் முறைப்படி பார்த்தால் தக்காணத்தை ஆண்ட நிஜாமின் பிரதிநிதியாக இருந்தவர்தான்.

அந்த ஆற்காட்டிலிருந்துதான் நேபாப்கள் பலருக்குப் பணம் போனது. 1749 முதல் 1795 வரை நவாபாக இருந்த முகமது அலி வாலாஜா, கம்பெனிப் படைக்குத் தர வேண்டிய பணத்துக்குக் கம்பெனி அதிகாரிகளிடமே கடன் வாங்கினார். ஈடாக எழுதிக் கொடுத்தது கிராமங்களின் நிலவரியை. வட்டி குட்டி போட்டது, கட்டியவர் உழவர். கடன் கொடுத்தவர்களில் பெயர்போனவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் சாதாரண ஊழியராகச் சேர்ந்தவர், 1780-ல் இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினரே ஆகிவிட்டார்.

லண்டன் மேடையில் 1772-லேயே சாமுவேல் ஃபூட் 'தி நேபாப்' என்று ஒரு நாடகம் போட்டுச் சிரிக்க வைத்தார். நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் சிரிக்கவில்லை. 1785-ல் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் நெடுநேரம் பேசி, இவை மோசடிக் கடன்கள் என்று சாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்னாளில் நவாபின் பேரில் வந்த கடன் பத்திரங்களை ஆராய்ந்த ஆணையர்கள், கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. பிரதிநிதியின் பெயரால் வந்த வசைச்சொல், யாருக்கும் பிரதிநிதியாக இல்லாமல் தமக்கே சேர்த்துக்கொண்டவர்களுக்குப் பொருத்தமாகத்தான் அமைந்தது.

1855-ல் அப்போதைய ஆற்காட்டு நவாப் வாரிசின்றி இறந்ததும் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி அந்தப் பட்டத்தையே ஒழித்தார். சில ஆண்டுகள் கழித்து ஆங்கில அரசு அந்தக் குடும்பத்துக்கு 'அமீர்-எ-ஆற்காடு' என்று வேறொரு பட்டம் கொடுத்தது. அமீரும் அரபிதான், தலைவர், தளபதி என்று பொருள். ஆங்கிலேயர் தங்கள் கடற்படைத் தலைவரை அழைக்கும் 'அட்மிரல்' இதே அமீரிலிருந்து வந்தது. இராயப்பேட்டை அமீர் மகாலில் அந்தப் பட்டம் இன்றும் இருக்கிறது.

நம் ஊர் மிராசுதார், அமீனா, வக்கீல் எல்லாமே அரபி வேர் கொண்ட பெயர்கள்தான். உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் இப்படிப்பட்ட பட்டமோ பதவிப் பெயரோ கண்ணில் பட்டால், அதை வைத்திருந்தவர் என்ன வேலை பார்த்தார் என்ற விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்