உடைந்தது கண்ணாடி மட்டுமே

பிரயாணம் புறப்படும்போது நம் முன்னோர் கட்டுச்சோற்றை மூட்டையிலும், காசை மடியிலும், உறவினர் விலாசத்தை ஒரு காகிதத் துண்டிலும் வைத்துக்கொண்டார்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றவை எஞ்சியிருக்கும். இக்காலத்து யாத்திரிகரோ காசு, விலாசம், வழிகாட்டி, கடிகாரம், புகைப்படக் கருவி, பிரயாணச் சீட்டு ஆகிய யாவற்றையும் உள்ளங்கையளவான ஒரே பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு கடல் கடக்கிறார். அந்தப் பெட்டி அந்நிய மண்ணில் கைதவறி விழுந்தால் அவர் கதி யாது? சென்ற ஆண்டு கண்டி மாநகரில் எமக்குக் கிடைத்த ஓர் அனுபவத்தை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எமது பாலிய நண்பர் ஒருவரின் ஒன்றுவிட்ட தங்கை நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலிருந்து வந்திருந்தார். வயது அறுபதை எட்டுகிறது. பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் தேதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டதை நாம் அறிவோம். அந்தப் பங்கீடு பல வீடுகளின் நடுவே கோடு கிழித்தது. இவ்வம்மையாரின் தந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டு. தந்தையின் தமக்கைக்கு இலங்கைக் குடியுரிமை. ஏழு வயதுச் சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறியவர், அத்தையைக் காண இப்போதுதான் திரும்பி வந்தார்.

ஒரு வாரம் அத்தையோடு லயத்தில் தங்கினார். பிறந்த அறையையும், பாட்டனார் புதைக்கப்பட்ட மேட்டையும், பள்ளிக்கூடமாயிருந்த கொட்டகையையும் படம் பிடித்தார். தொண்ணூறை நெருங்கும் அத்தை பழங்கதை சொல்லியதையும், தம்மைச் சின்ன வயதுச் செல்லப் பெயரால் அழைத்ததையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டார். பின்னர் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்தார். இறங்குகையில் யாரோ இடிக்க, கருவி கல்தரையில் முகங்குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் திரை முழுவதும் சிலந்தி வலை. அதன் பின்னால் ஒரே இருட்டு. ஊர் திரும்ப மூன்று நாட்களே இருந்தன. படங்களுக்கு வேறு பிரதியில்லை.

எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் கேட்டது ஒன்றே. “அண்ணா, கருவி போனால் போகட்டும். அத்தையின் குரல் இதற்குள் இருக்கிறதா, போய்விட்டதா?” எமக்கு விடை தெரியவில்லை.

மறுநாட் காலை அவரை அழைத்துக்கொண்டு நகருக்குச் சென்றோம். முதலில் நுழைந்தது கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் கொண்ட ஒரு கடை. அங்கிருந்தவர் கருவியை இரு விரலால் தூக்கிப் பார்த்து, “உட்பலகையே போய்விட்டது, திருத்த முடியாது,” என்று தீர்ப்பளித்தார். அதே மூச்சில் பழைய கைத்தொலைபேசி ஒன்றை மலிவு விலையில் தருவதாகவும் சொன்னார். இரண்டாவது கடைக்காரர் திரை மாற்ற 28,000 ரூபா கேட்டார். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தரும்படியும், திருத்துமுன் உள்ளிருப்பதையெல்லாம் அழிக்க வேண்டிவரும் என்றும் கூறினார். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: இரண்டு கடை ஏறியிறங்கிய களைப்பில், “சரி, செய்யட்டும்,” என்று சொல்ல நாம் வாயெடுத்தோம். அம்மையார்தாம் கருவியைப் பறிப்பது போல் வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அப்பால், ஒரு மாடிப்படியின் அடியில், மேசை ஒன்று போடுமளவே இடமுள்ள கடை. பூதக்கண்ணாடியின் முன் ஓர் இளைஞர். அவர் கருவியைத் திறக்கவில்லை, விலை சொல்லவில்லை. “அம்மா, உங்கள் இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள்,” என்றார். எமது தொலைபேசியிலிருந்து அழைத்தோம். இருண்டு கிடந்த கருவி மேசையின் மீது அதிர்ந்து மணியடித்தது.

“மூளை உயிரோடு இருக்கிறது. முகந்தான் உடைந்திருக்கிறது,” என்றார் இளைஞர். அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அரைமணி நேரத்தில் நாம் கற்றது பல. கைத்தொலைபேசியின் முகப்பு ஒரே கண்ணாடி போலத் தோன்றினும் அஃது அடுக்குகளால் ஆனது: மேலே காப்புக் கண்ணாடி, அதன்கீழ் விரலின் தொடுகையை உணரும் படலம், அதற்கும் கீழே படம் காட்டும் பலகை. அண்மைக் காலக் கருவிகளில் இவை மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதால் பெரும்பாலும் முழுவதையும் சேர்த்தே மாற்ற நேரிடுகிறது. படங்களும் எழுத்துகளும் குரல்களும் இருப்பது இவற்றிலன்று; உள்ளேயுள்ள பலகையில் பதித்த நினைவகத்திலே. ஆகவே முகம் உடைந்தமைக்காக நினைவை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இளைஞர் தம் இழுப்பறையிலிருந்து பரீட்சைக்கென வைத்திருந்த திரை ஒன்றை எடுத்து, கருவியின் பின்மூடியைத் திறந்து தற்காலிகமாகப் பொருத்தினார். வெளிச்சம் வந்தது. “கடவுச்சொல்லை எனக்குச் சொல்ல வேண்டாம், அம்மா, நீங்களே அழுத்துங்கள்,” என்று கருவியை அவர் பக்கம் திருப்பினார். பிறகு ஒரு சிறு நினைவுக்குச்சியைச் செருகி, படங்களையும் குரற் பதிவுகளையும் பிரதி செய்யும் வழியைக் காட்டினார். அதன் பின்னரே விலைப் பேச்சு ஆரம்பமாயிற்று.

அவர் இரண்டு வழி சொன்னார். கருவியுடன் வந்ததற்கு ஒப்பான ஓ.எல்.ஈ.டி. திரையென்றால் 26,000 ரூபா. எல்.சி.டி. வகை மாற்றுத்திரையென்றால் 9,500 ரூபா. “மலிவானதில் நிறம் சற்று மங்கும், மின்கலம் சீக்கிரம் இறங்கும், திரையில் விரலை வைத்துத் திறக்கும் வசதி வேலை செய்யாது, இலக்கம் அழுத்தியே திறக்க வேண்டும். ஆனால் ஊர் போய்ச் சேரும் வரை போதும். இந்தியாவில் விற்ற மாதிரிக்கு அங்கே உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கும், நல்ல திரையை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்,” என்றார். தமக்கு வரக்கூடிய 26,000 ரூபாவைத் தாமே தட்டிவிட்ட அந்த வியாபாரியின் சொல்லை நாம் மறப்பதற்கில்லை. அந்நிய நாட்டில் திருத்துவோர் மனத்தில் பதிக்க வேண்டிய சூத்திரமும் அதுவே. பிரயாணம் முடிய எது வேண்டுமோ அதை மட்டும் வழியில் செய்க. எஞ்சியதை வீட்டில் செய்க.

காசு கொடுக்கும் வேளையில் மற்றொரு வேடிக்கை. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் தேதி முதல் இந்தியப் பயணிகள் தம் நாட்டு யு.பி.ஐ. முறையால் இலங்கைக் கடைகளிலும் பணம் செலுத்தலாம் என்றாயிற்று. அதை நம்பி அம்மையார் கையில் ரொக்கம் அதிகம் வைத்திருக்கவில்லை. பணப்பையைத் திருத்தவேண்டிய கூலி பணப்பைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டது! நாம் கொடுத்தோம். திரை ஒளிர்ந்ததும் கணக்கைத் தீர்த்துவிட்டே அவர் தேநீர் அருந்தினார்.

நம் நாட்டில் இத்தகைய கைவினைஞர் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. தெற்காசியாவில் கைத்தொலைபேசிச் சேவை முதன்முதல் ஆரம்பமானது இலங்கையில், 1989ஆம் ஆண்டில். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலோ அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கும் மேலே ஏறிற்று. இறக்குமதிகளுக்குத் தடைகள் விழுந்தன. புதியது வாங்க முடியாதவர்கள் பழையதைத் திருத்தினார்கள். அதே ஆண்டில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூ.ஆர். குறியும் பலருக்குக் கைத்தொலைபேசியிலேயே இருந்தது. கருவி கெட்டால் பெற்றோலும் இல்லை என்ற நிலையில் திருத்துவோரின் கை ஓய்ந்திருக்க முடியுமா?

திருத்திப் பயன்படுத்துவது வறியவரின் வழக்கம் என்று எண்ணுவோரும் உளர். செல்வம் மிகுந்த ஐரோப்பிய ஒன்றியமே 2024ஆம் ஆண்டில், உத்தரவாதக் காலம் கடந்த பின்னரும் கைத்தொலைபேசி போன்ற பொருள்களை நியாயமான விலையில் திருத்திக்கொடுக்க உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நம் பாட்டிமார் ஈயம் பூசிப் பூசி ஒரே பாத்திரத்தில் மூன்று தலைமுறைக்குச் சமைத்ததன் நியாயம் இப்போதுதான் அவர்களுக்கு விளங்குகிறது போலும்.

இனி, பிரயாணம் செய்யும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்.

புறப்படும் முன்னரே படங்களுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் இலக்கம், தங்குமிட விலாசம், நெருங்கிய இருவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். உற்பத்தியாளரின் உத்தரவாதம் பல சமயங்களில் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். அதையும் விசாரித்து அறிந்துகொள்ளுங்கள்.

பழுது நேர்ந்தால் அதன் தன்மையை முதலில் ஆராயுங்கள். மேற்கண்ணாடி மட்டும் விரிந்து, படமும் தொடுகையும் சரியாயிருந்தால் அவசரமே இல்லை. ஒளிபுகும் ஒட்டுநாடாவை மேலே ஒட்டிக்கொண்டு ஊர் திரும்பலாம். மின்னேற்றம் ஏறவில்லையெனில் துளைக்குள் பஞ்சும் தூசும் அடைத்திருக்கக்கூடும். கருவியை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெல்ல நீக்கிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் அது.

எசல பெரஹரா காலத்துச் சாரலிலோ மகாவலி நீரிலோ நனைந்துவிட்டால் உடனே அணையுங்கள். மின்னேற்றக் கம்பியைச் செருகாதீர்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. அரிசியின் நுண்துகள்கள் கருவியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்துள்ளது. நீர் உட்புகுந்த கருவியைத் தாமதியாது திறந்து துடைப்பிப்பதே நலம்; நாள் செல்லச் செல்ல உள்ளே களிம்பு ஏறும். மின்கலம் உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். பழுதான மின்கலத்தை விமானத்தில் கொண்டு செல்லவும் அனுமதியில்லை.

கடையில் நிற்கையில் நான்கைக் கவனியுங்கள். இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். சிம் அட்டையைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் இரகசிய இலக்கம் வருவது அதற்கே. கூடுமானால் கண் முன்னே திருத்தச் சொல்லி, கழற்றிய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். போட்ட பாகம் எவ்வகையைச் சேர்ந்தது, எத்தனை நாள் பொறுப்பு என்பவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதச் செய்யுங்கள். பற்றுச்சீட்டு கையிலிருந்தால், தகராறு வரும்போது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்க நமக்கு வாய் இருக்கும்.

பழைய கருவி வாங்குவதே வழியென்று நேர்ந்தால், அதில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க அடையாள எண் தோன்றும். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்பதை அறியலாம். மலிவென்று எண்ணி வில்லங்கத்தை வாங்காதிருக்க இஃது உதவும்.

அம்மையார் குறித்த நாளில் ஊர் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதங்கள் கழித்து ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தார். தோட்டத்தில் அத்தை காலமான செய்தியை எம் நண்பர் ஏற்கெனவே அறிவித்திருந்தார். ஆறுதல் சொல்ல நாம் வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில், “அண்ணா, ஒன்று கேளுங்கள்,” என்றார் அவர். சற்று நேரம் மௌனம். பின்னர் மிக மெலிந்த, நடுங்கும் கிழக்குரல் ஒன்று சிறுமி ஒருத்தியைச் செல்லப் பெயரிட்டுச் சாப்பிட அழைத்தது.

அந்தக் குரலுக்கு யாரால் விலை போட முடியும்? 9,500 ரூபாவுக்கும், ஓர் இளைஞரின் நேர்மைக்கும் அன்று அது பிழைத்தது. ஆனால் எல்லா வீதியிலும் அத்தகைய இளைஞர் ஒருவர் காத்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. வாசகர்களே, உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவரின் குரலோ படமோ ஒரே கருவிக்குள் இருக்கக்கூடும். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஓய்வும் உண்டு. பத்திரிகையை மடித்து வைத்தபின் அதற்கு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.