மாடுகளின் க்ஷயரோகமும் மூன்றாம் நாள் பரீக்ஷையும்

கறவைப் பசு ஒன்று உடல் மினுமினுத்து, வேளை தவறாமல் பால் கொடுத்து வருமாயின், அதற்கு வியாதி உண்டென்று சொன்னால் குடியானவர் எவரும் எளிதில் நம்பமாட்டார். க்ஷயரோகத்தின் கொடுமை இதிலேயே இருக்கிறது. இந்நோய் மாட்டின் நுரையீரலிலும் நிணக்கணுக்களிலும் மாதக்கணக்காக, சிலவற்றில் வருஷக்கணக்காகவும், வெளிக்குத் தெரியாமல் தங்கியிருக்கும். இருமலும் இளைப்பும் காணுமுன்னரே அடுத்துக் கட்டிய மாடுகளுக்கு மூச்சின் வழியாகப் பரவிவிடும். பாலைக் காய்ச்சாமல் அருந்தும் குழந்தைகளுக்கும் தொற்றக்கூடும். மறைந்துள்ள இந்நோயை வெளிப்படுத்துவதற்கென உள்ளதே டியூபர்குலின் பரீக்ஷை. அதன் தன்மையைச் சரிவர அறியாமையால் அதன் பயன் பல இடங்களில் வீணாகிறது.

ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் காக் என்பவர் 1882-ம் வருஷத்தில் க்ஷயக் கிருமியைக் கண்டறிந்தார். 1890-ல் அக்கிருமியினின்று எடுத்த சத்தை நோய்க்கு மருந்தென்று வெளியிட்டார். மருந்தாக அது பலிக்கவில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் சாதனமாக நிலைத்துவிட்டது. இக்காலத்தில் வழங்குவது கிருமியின் புரதங்களைச் சுத்திசெய்து எடுத்ததாகும். அதில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகையால் ஊசி போட்டதனாலேயே மாட்டுக்கு வியாதி வந்ததென்று கூறுவது ஆதாரமற்ற பேச்சாகும்.

க்ஷயக் கிருமி முன்பே புகுந்த உடலில், அதனை அடையாளம் அறிந்துகொண்ட ஒருவகை வெள்ளை அணுக்கள் சஞ்சரிக்கின்றன. கழுத்துத் தோலின் கனத்துக்குள் 0.1 மில்லி லிட்டர் மருந்தைச் செலுத்தினால், அவ்வணுக்கள் அங்கு வந்து கூடி, மற்ற அணுக்களையும் வரவழைத்துத் தோலைத் தடிக்கச் செய்கின்றன. அவை வந்து சேர்வதற்குக் காலம் வேண்டும். குளவி கொட்டியவுடன் எழும் வீக்கம் வேறு, இது வேறு. ஒரு நாளுக்குப் பின்னரே தலைகாட்டி, இரண்டு மூன்று நாட்களில் இது உச்சநிலை அடையும். எனவே, ஊசிக்கு முன் ஒரு முறையும், 72 மணி நேரம் கழித்து ஒரு முறையும் தோலின் கனத்தை அளக்கவேண்டும். 4 மில்லி மீட்டரோ அதற்கு மேலோ அதிகரித்திருந்தால் நோயுண்டென்றும், 2-க்கு மேல் 4-க்குள் இருந்தால் சந்தேகமென்றும், அதற்குக் குறைந்தால் இல்லையென்றும் கொள்வது வழக்கம்.

மறுநாட்காலை கழுத்தைத் தடவிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுகிறவர் பரீக்ஷையைப் பாதியில் நிறுத்தியவராவார். மூன்றாம் நாள் அளக்கப்படாத மாடு பரீக்ஷிக்கப்படாத மாடே. அன்று மாடுகள் யாவும் கொட்டிலில் நிற்கும்படி கிராமாதிகாரிகள் முன்னதாகத் தெரிவித்து ஏற்பாடு செய்வார்களாயின், அதுவே பேருதவியாகும்.

இப்பரீக்ஷை பிழைபடுவதும் உண்டு. நோய் தொற்றிய முதற்சில வாரங்களிலும், கன்று ஈன்ற சமீபத்திலும், நோய் முற்றி உடல் ஓய்ந்த நிலையிலும் தோல் தடிக்காமலிருக்கலாம். பறவை க்ஷயக் கிருமியோ, ஜோன் நோய்க் கிருமியோ உள்ள மாட்டில் வீண் தடிப்புத் தோன்றலாம். இதன்பொருட்டே பறவைக் கிருமியின் சத்தையும் பக்கத்தில் செலுத்தி இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். ஒரு முறை ஊசி போட்டபின் சில வாரங்கள் தோல் மந்தப்பட்டிருக்குமாதலால், மறுபரீக்ஷைக்கு 42 நாட்களாவது கழியவேண்டும். இந்த மந்தத்தையே சாதகமாக்கி, விற்குமுன் இரகசியமாக மருந்தேற்றி நோயை மறைக்கும் வஞ்சகமும் நடக்கக்கூடியதே. வாங்குகிறவர் புதிய மாட்டைத் தனியே கட்டி, காலம் கழித்துப் பரீக்ஷிப்பது புத்திசாலித்தனம்.

நோய் கண்ட மாட்டை என் செய்வது என்பதே முக்கியமான கேள்வி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1917-ல் தொடங்கிய திட்டத்தின்படி அத்தகைய மாடுகளைக் கொன்று, உடையவருக்கு நஷ்டஈடு கொடுத்தனர். இந்தியாவில் அவ்வழி பெரும்பாலும் செல்லாது. டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்பவர் 1890-களில் காட்டிய வழியே இங்கு ஏற்றதாகும். நோயுள்ளவற்றைத் தனிக் கொட்டிலில் பிரித்து, தனித் தொட்டியில் நீர் காட்டி, அவை ஈனும் கன்றுகளை உடனே அகற்றி, காய்ச்சிய பாலில் வளர்ப்பதே அம்முறை. கன்றுகளில் பெரும்பாலானவை நோயின்றியே பிறப்பதால், சில வருஷங்களில் சுத்தமான மந்தை உண்டாகும்.

மாறாக, நோய் கண்ட பசுவை அடுத்த சந்தையில் தள்ளிவிடுவது தன் நஷ்டத்தை அயலார் தலையில் கட்டுவதாகும். அதை வாங்குபவர் ஒற்றைப் பசுவை நம்பிய ஏழை விதவையாகவும் இருக்கலாம். ஆயினும் குடியானவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. உண்மையை மறைக்காதவர் நஷ்டமடையவும் மறைப்பவர் லாபமடையவும் விட்டிருக்கும் வரையில், எந்த ஊசியும் இந்நோயை ஒழிக்காது. பரீக்ஷைக்கு இணங்கி மாட்டைப் பிரித்து வைப்பவருக்குத் தக்க ஈடு கிடைக்கவேண்டும். அதுவரையில் பாலைப் பொங்கக் காய்ச்சி அருந்துவதும், மூன்றாம் நாள் மாட்டைக் கொட்டிலில் நிறுத்துவதும் செலவில்லாத காரியங்களாதலால், அவற்றை எவரும் தவறவிடலாகாது.